‘கேஸ் மாத்திரைதானே, கொடுத்துவிடலாம்!’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளில் நேரும் மருந்துப் பிழைகள் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு என்று ஆபத்தான ஊசிகளை வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். சரியான வரிசைதான். இவற்றைக் கையில் எடுக்கும்போதே செவிலியருக்கு ஒரு பயம் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு அளவைக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். யாரையும் கூப்பிடாமல், பேசிக்கொண்டே கொடுக்கும் மருந்துகளைப் பற்றித்தான் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வீசிங்குக்கு மருந்தை ஆவியாக்கி வைக்கும் நெபுலைசர், வாந்திக்குப் போடும் ஊசி, எல்லோரும் ‘கேஸ் மாத்திரை’ என்று சொல்லும் அமிலக் குறைப்பு மாத்திரை, மலச்சிக்கலுக்கான சிரப். எந்த வார்டிலும் காலை முதல் இரவு வரை கைமாறிக்கொண்டே இருப்பவை இவை. செவிலிய மாணவர்களுக்கு மருந்தியல் சொல்லிக்கொடுப்பவர்கள் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறோம். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகத்தில் மூச்சு மண்டல மருந்துகள் ஓர் அத்தியாயம், செரிமான மண்டல மருந்துகள் இன்னோர் அத்தியாயம். மருந்தின் வகை, வேலை செய்யும் விதம், பக்க விளைவு ஐந்து, செவிலியர் கடமை ஐந்து என்று தேர்வுக்குப் படித்துவிடுகிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் என்றால் ‘பீட்டா-2 ஏற்பியைத் தூண்டும், கை நடுங்கும், படபடக்கும்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதே மாணவரிடம் ஓர் இன்ஹேலரைக் கொடுத்து ‘நோயாளிக்குச் சொல்லிக்கொடு’ என்றால் தடுமாறுகிறார். மருந்தின் குணம் தெரிகிறது, அது போய்ச் சேர வேண்டிய வழி தெரியவில்லை. கொடுக்கும் முறையும் மருந்தின் ஒரு பகுதிதான் என்பது எங்கள் கட்சி. முறை தவறினால் அதே மருந்து சில நேரம் வெறும் காற்று, சில நேரம் நஞ்சு.

அழுத்தி எடுக்கும் இன்ஹேலரைப் பாருங்கள். சால்பூட்டமால் இன்ஹேலர் பொதுவாக ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம் கொடுக்கும். அந்த மருந்து உள்ளே இருக்கும் அழுத்த வாயுவில் மிதந்துகொண்டிருப்பது. வைத்த இடத்தில் இருந்தால் பிரிந்துவிடும். அதனால்தான் குலுக்கச் சொல்கிறோம். குலுக்காமல் அழுத்தினால் ஒரு பஃப்பில் மருந்து குறையும், இன்னொன்றில் கூடும். புதிதாகப் பிரித்ததாகவோ பல நாள் தொடாததாகவோ இருந்தால் முதலில் காற்றில் சில முறை அடித்துவிட வேண்டும். எத்தனை முறை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கூட வரும் தாளில் போட்டிருக்கும். பிறகு நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நிதானமாக வெளியே விட்டு, வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவே வைத்து உதடுகளால் இறுக்க வேண்டும். மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் ஒரே ஒரு முறை அழுத்தி, விடாமல் ஆழமாக இழுத்து, 10 நொடி மூச்சை அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இடைவெளி, மறுபடியும் குலுக்கல்.

10 நொடி எதற்கு என்று நோயாளி கேட்பார். 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துகள்கள்தான் நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போகும். அவ்வளவு நுண்ணிய துகள் குழாய்ச் சுவரில் படிவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். உடனே மூச்சை விட்டால் வந்த வழியே வெளியே போய்விடும். வேகமாக இழுத்தாலோ துகள்கள் தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ‘மருந்து எடுத்தேன், கேட்கவில்லை’ என்று வருகிறவருக்கு அளவைக் கூட்டுவதற்கு முன்னால், கண்ணெதிரே ஒரு பஃப் எடுக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் முதல் மருத்துவம்.

பொடியாக உறிஞ்சும் வகைக்கு இதெல்லாம் தலைகீழ். அங்கே அழுத்த வாயு கிடையாது. நோயாளியின் மூச்சுதான் பொடியைக் கிளப்ப வேண்டும். எனவே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை விட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டிபிடித்துவிடும். ஒரே நோயாளி காலையில் ஒரு வகையும் இரவில் இன்னொரு வகையும் எடுப்பதுண்டு. மெதுவாக இழுக்க வேண்டியதை வேகமாகவும், வேகமாக இழுக்க வேண்டியதை மெதுவாகவும் இழுத்துவிட்டு, இரண்டுமே பயனில்லை என்பார்.

இந்தப் பொடி வகையில் ஒரு பொறி இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் டயோட்ரோபியம் 18 மைக்ரோகிராம் கேப்சூலாக வருகிறது. கருவியில் போட்டு, துளைத்து, பொடியை உறிஞ்ச வேண்டும். பார்வைக்கு விழுங்கும் கேப்சூல் மாதிரியே இருக்கும். செவிலியர் அதை மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ஒரே கிண்ணத்தில் போட்டு வைத்தால், நோயாளி தண்ணீர் குடித்து விழுங்கிவிடுவார். அவர் மேல் என்ன குற்றம்? மருந்து வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்குக் கிடைக்காது. உறிஞ்சும் கேப்சூல் மாத்திரைக் கிண்ணத்துக்குள் போகவே கூடாது. கருவியோடு தனியாகப் போக வேண்டும், அட்டையையும் எடுக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும்.

அழுத்தும் நேரமும் இழுக்கும் நேரமும் ஒத்துவராத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு பஃப்தான். அடித்தபின் இயல்பாக ஐந்தாறு மூச்சு. மூன்று பஃப்பைச் சேர்த்து அடித்துவிட்டு இழுக்கச் சொல்வதை இன்னும் பார்க்கிறோம். துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிச் சுவரில் படிந்துவிடும், மிச்சம்தான் நோயாளிக்கு. மாஸ்க் முகத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். அழும் குழந்தைக்கு நிறைய மருந்து போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. போவதில்லை, குறையத்தான் செய்கிறது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காற்றில் உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, அடுத்த முறை மருந்தைச் சுவர் பிடித்துக்கொள்ளும். கடுமையில்லாத ஆஸ்துமா தாக்குதலில் ஸ்பேசர் வழியாக 4 முதல் 10 பஃப் வரை, முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை. ‘மெஷின் வைத்தால்தான் திருப்தி’ என்கிற மனநிலையை மாற்றத்தான் நேரம் பிடிக்கிறது.

ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கம்மும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் ஸ்டீராய்டும் தனித்தனி இன்ஹேலராக இருந்தால், விரிப்பது முதலில், ஐந்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு. வழி திறந்த பிறகு வருகிற மருந்து உள்ளே நன்றாகப் போகும்.

நெபுலைசருக்கு வருவோம். சால்பூட்டமால் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, 2.5 மி.லி.யில் 2.5 மி.கி. இருக்கும் ஒற்றை டோஸ் பிளாஸ்டிக் குப்பி. இன்னொன்று, மி.லி.க்கு 5 மி.கி. உள்ள அடர்த்தியான கரைசல் பாட்டில். பாட்டிலில் இருந்து எடுத்தால் 2.5 மி.கி.க்கு 0.5 மி.லி. போதும், அதை உப்புநீரால் 4 மி.லி. ஆக்க வேண்டும். குப்பி பழக்கத்தில் ‘இரண்டரை’ என்று காதில் விழுந்ததைப் பாட்டிலில் இருந்து இரண்டரை மி.லி.யாக எடுத்தால் 12.5 மி.கி., அதாவது ஐந்து மடங்கு. நாடித்துடிப்பு எகிறும், கை உதறும், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். எனவே ‘இரண்டரை’ என்ற சொல்லை வார்டில் தனியாக உச்சரிக்கவே கூடாது. மில்லிகிராமா மில்லிலிட்டரா என்பது கூடவே வர வேண்டும்.

அந்தப் பிளாஸ்டிக் குப்பியை ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நிறமற்ற பிளாஸ்டிக், உள்ளே நிறமற்ற திரவம். பல தயாரிப்புகளில் பெயரும் அளவும் மையில் அச்சிட்டிருக்காது, பிளாஸ்டிக்கிலேயே புடைத்திருக்கும். சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து கண்ணில் படும். சால்பூட்டமால், மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோபியம், சாதாரண உப்புநீர் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். உறையைக் கிழித்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவைத்தால், இரவு மங்கல் வெளிச்சத்தில் எது எது என்று சொல்ல முடியாது. ஊசிக்கான ஆம்பியூல் என்று நினைத்துச் சிரிஞ்சில் ஏற்றவும் வாய்ப்பு உண்டு. குப்பிகள் உறையோடுதான் இருக்க வேண்டும், ஊசி மருந்துத் தட்டில் அவற்றுக்கு இடமே கூடாது.

கலப்பதற்கு உப்புநீர்தான், வெறும் தண்ணீர் ஆகாது. உப்பில்லாத நீரின் ஆவி மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கிவிடும். காற்றோட்டம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர். அதற்குக் குறைந்தால் துளி பெரிதாகும், தொண்டையோடு நிற்கும். கிண்ணத்தின் அடியில் 1 மி.லி. போல எப்படியும் மிச்சம் தங்கும் என்பதால்தான் 4 மி.லி. வரை நிரப்புகிறோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கரியமிலவாயு தேங்குபவர்களுக்கு நெபுலைசரை ஆக்சிஜனில் இல்லாமல் சாதாரண காற்றில் ஓட்டி, தேவைப்பட்டால் மூக்கு வழியாக அளவான ஆக்சிஜன் கொடுத்து, இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். ‘ஆக்சிஜன்தானே, எவ்வளவு போனால் என்ன’ என்று திறந்துவிட்டால், நோயாளி அரை மணி நேரத்தில் அமைதியாகிவிடுவார். அந்த அமைதி தூக்கம் இல்லை, கரியமிலவாயு மயக்கம். அதே போல, வீசிங் சத்தம் திடீரென்று நின்று நோயாளி சோர்ந்து கிடந்தால் தேறிவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது. காற்றே போகவில்லை என்பதாலும் சத்தம் நிற்கும்.

இப்ராட்ரோபியம் வைக்கும்போது மாஸ்க்கின் மேல் விளிம்பைக் கவனிக்க வேண்டும். மூக்குத்தண்டின் ஓரமாகக் கசியும் ஆவி கண்ணில் பட்டால் கண்மணி விரியும். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது கடும் வலியில் முடியலாம். அவருக்கு வாய்க்குழாய்தான் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கசிந்தால் ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரியும். அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூளையில் ஏதோ என்று பதறுவார். எத்தனை மணிக்கு எந்த மருந்து வைத்தது என்று குறிப்பு இருந்தால் அந்தக் குழப்பம் பாதி தீரும்.

மூச்சுத்திணறலுக்குப் போடும் அமினோஃபிலின் ஊசி இப்போது அரிதாகிவிட்டது, முற்றிலும் போய்விடவில்லை. 10 மி.லி. ஆம்பியூலில் 250 மி.கி. இருக்கும். நிமிடத்துக்கு 25 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. நேராகத் தள்ளினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நிற்கவும் கூடும். நடைமுறையில் கரைத்து 20 முதல் 30 நிமிடம் ஏற்றுவதுதான் சரி. நோயாளி ஏற்கெனவே அதே வகையான தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் முதல் டோஸ் தொடங்கவே கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் தியோஃபிலின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். புகைபிடிப்பவர் மருத்துவமனையில் சேர்ந்து சிகரெட்டை நிறுத்தினாலும் சில நாட்களில் அளவு ஏறும், ஏனென்றால் புகை கல்லீரலை வேகமாக வேலை வாங்கிக்கொண்டிருந்தது. குமட்டல், வாந்தி என்று அவர் சொல்லும்போது அதை ‘கேஸ்’ என்று எழுதிவிடுகிறோம். அது வலிப்புக்கு முன் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

‘கேஸ்’ என்றதும் அந்த மாத்திரைக்கு வருகிறோம். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையறா. உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், ஏன் என்று தெரிவதில்லை. இரைப்பையின் அமிலப் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் விழித்து வேலை செய்கின்றன. விழித்திருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் பூட்ட முடியும். மருந்து இரத்தத்தில் தங்குவதோ கொஞ்ச நேரம். இரண்டும் சந்திக்க வேண்டும். வார்டில் சாப்பாட்டு வண்டி ஏழரைக்கு வந்து, மருந்து டிராலி எட்டுக்கு வந்தால் சந்திப்பே நடக்காது. மருந்துச் சீட்டில் ‘காலை’ என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த ஒரு மாத்திரையை மட்டும் காலை முதல் சுற்றுக்கு நகர்த்துவதற்கு ஒரு காசு செலவில்லை.

இதை நசுக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் மருந்து அமிலத்தில் கெட்டுவிடும் என்பதால்தான் மேலே பூச்சு போட்டிருக்கிறார்கள்; பூச்சு குடலில்தான் கரையும். நசுக்கினால் பாதுகாக்க வேண்டிய வயிற்றிலேயே மருந்து செத்துவிடும். கேப்சூலைப் பிரித்து உள்ளிருக்கும் சிறு மணிகளை ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்) கொட்டினால், குறுகிய குழாய் அடைத்துக்கொள்ளும். குழாய் வழி தர வேண்டியவர்களுக்கு அதற்கென்றே உள்ள குருணை வடிவமோ ஊசி வடிவமோ கேட்டு வாங்க வேண்டும். பான்டோப்ரசோல் 40 மி.கி. ஊசிப் பொடியை 10 மி.லி. உப்புநீரில் கரைத்து, குறைந்தது 2 நிமிடம் எடுத்துச் செலுத்த வேண்டும்.

மெதுவாக மருந்தை விடும் தியோஃபிலின் மாத்திரையை நசுக்குவது இதைவிட மோசம். 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். குழாய் வழியாக மருந்து கொடுக்கும்போது உரலை எடுப்பதற்கு முன் மருந்தாளுநரைக் கேளுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கரைத்து, முன்னும் பின்னும் இடையிலும் 15 முதல் 30 மி.லி. தண்ணீர் விட வேண்டும் (இது பெரியவர்களுக்கு, குழந்தைகளுக்கும் நீர் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் குறைவு). எல்லாவற்றையும் ஒரே கலவையாகத் திரித்து ஊற்றுவது வேலையை முடிக்கும், குழாயையும் முடிக்கும்.

குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, உறிஞ்சிய திரவத்தின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். காற்றடித்துச் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்ப முடியாது. அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் இருந்தாலும் பி.எச். கூடுதலாகக் காட்டலாம். அப்போது ‘அந்த மாத்திரையால்தான்’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு மருந்தை ஊற்றக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கும்வரை குழாயைத் தொடாமல் இருப்பதே வழி.

அமிலத்தை முறிக்கும் திரவ ஆன்டாசிட் கொடுத்த கையோடு மற்ற மாத்திரைகளையும் கொடுத்துவிடுவது இன்னொரு பழக்கம். அதிலிருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் வேறு மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொதுவாக 2 மணி நேர இடைவெளி. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 6 மணி நேரம் பின்பு. வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட்டும் இதே ரகம், வெறும் வயிற்றில் தனியாகக் கொடுக்க வேண்டும். ‘ஆன்டிபயாடிக் கேட்கவில்லை’ என்று மாற்றுவதற்கு முன் மருந்து அட்டையில் இரண்டும் ஒரே மணியில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

வாந்திக்கான ஊசிகளில் மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி.யைக் குறைந்தது 3 நிமிடம் எடுத்துப் போட வேண்டும். பத்து நொடியில் தள்ளினால் நோயாளிக்கு இனம் தெரியாத தவிப்பு வரும். படுக்கையில் இருக்க முடியாமல் எழுந்து ஓடப் பார்ப்பார். இளவயதினருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகி, தாடை கோணும். வலிப்பு என்றோ நடிப்பு என்றோ நினைத்துவிடுவார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே நாளொன்றுக்கு 30 மி.கி., அதிகபட்சம் 5 நாள் என்று வரம்பு போட்டது. குடல் அடைப்பு சந்தேகம் இருந்தால் கொடுக்கவே கூடாது. ஒன்டான்செட்ரான் பெரும்பாலும் இந்தத் தொல்லை தராது, ஆனால் இதயத்தின் மின்னோட்ட இடைவெளியை (இ.சி.ஜி.யில் தெரியும் க்யூ.டி. இடைவெளி) நீட்டும், மலச்சிக்கலும் தரும். ப்ரோமெதசின் ஊசி சிரைக்கு வெளியே கசிந்தாலோ தமனியில் போனாலோ திசு அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009-ல் இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை போட்டது.

இரண்டு அத்தியாயங்கள் என்று முதலில் சொன்னோமே, அவை படுக்கையில் கிடக்கும் ஒரே உடலில் சந்திக்கின்றன. ஆஸ்துமா தாக்குதலோடு வந்த ஒருவருக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை சால்பூட்டமால் போகிறது, ஸ்டீராய்டும் போகிறது. இரண்டும் பொட்டாசியத்தை இறக்கும். சளித் தொற்றுக்கு அசித்ரோமைசின் தொடங்கியிருக்கிறார்கள். அது இதயத்தின் மின்னோட்ட இடைவெளியை நீட்டும். இருமி இருமி வாந்தி எடுக்கிறார், ஒன்டான்செட்ரான் எழுதுகிறார்கள், அதுவும் நீட்டும். நான்குமே ‘சாதாரண’ மருந்துகள், நான்கின் அளவும் சரி. ஆனால் இறங்கிய பொட்டாசியத்தின் மேல் நீண்ட இடைவெளி சேர்ந்தால் உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். ஒன்டான்செட்ரானைக் கையில் எடுக்கும் செவிலியர் ‘இவருக்குப் பொட்டாசியம் பார்த்தார்களா, இ.சி.ஜி. எடுத்தார்களா’ என்று ஒரு கேள்வி கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. வாந்திக்கான டொம்பெரிடோனோடு ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் சேர்வதும் இதே கதைதான். கல்லீரல் சுருக்க நோயில் இரத்த வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சால்பூட்டமாலையும் வேலை செய்ய விடாது. வயிற்று வலிக்கு ஹையோசின் ஊசியும் மூச்சுக்கு இப்ராட்ரோபியமும் சேர்ந்து போகும் முதியவர் காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்றால், காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

மலச்சிக்கல் சிரப்பான லாக்டுலோஸ் பற்றி ஒரு வார்த்தை. கல்லீரல் பாதிப்பால் மூளை மந்தமானவருக்கு இதை மலச்சிக்கலுக்காகக் கொடுப்பதில்லை, அம்மோனியாவை வெளியேற்றக் கொடுக்கிறோம். நாளைக்கு 2 அல்லது 3 முறை இளகிய மலம் போவதுதான் குறி. ‘இரண்டு தடவை போய்விட்டது’ என்று நல்லெண்ணத்தில் அந்த வேளை மருந்தை நிறுத்திவைத்தால், மறுநாள் நோயாளி பெயர் சொல்லத் தெரியாமல் கிடப்பார். தண்ணீராக ஐந்தாறு முறை போனாலோ உடலில் நீரும் உப்பும் வற்றி அதே மந்தம் கூடும். அப்போது மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். மருந்து அட்டையில் ‘எதற்காக’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால் இந்தத் தவறு நடக்காது. மலமிளக்கியான பிசகோடில் மாத்திரையைப் பாலோடு கொடுத்தால் பூச்சு வயிற்றிலேயே கரைந்து வலியெடுக்கும். பேதியை நிறுத்தும் லோபரமைடு இரத்தபேதிக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் ஆகாது. பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. பொட்டலத்தில் போட்ட அளவு தண்ணீரில் மொத்தத்தையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, மறுபடி கரண்டி கரண்டியாக. பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கரைப்பதில்தான் விபரீதம்.

குழந்தைக் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. 12 கிலோ குழந்தைக்கு ஒன்டான்செட்ரான் கிலோவுக்கு 0.15 மி.கி. என்றால் 1.8 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 2 மி.கி. என்றிருந்தால் 4.5 மி.லி. ஊசி மருந்து மி.லி.க்கு 2 மி.கி. என்றால் 0.9 மி.லி. ‘போன தடவை நாலரை மி.லி. கொடுத்தோம்’ என்று நினைவிலிருந்து ஊசியில் எடுத்தால் மறுபடியும் ஐந்து மடங்கு. கணக்கு முடிந்ததும் ‘இத்தனை சிறிய குழந்தைக்கு இத்தனை ஆம்பியூலா?’ என்று ஒரு நொடி யோசிக்கச் சொல்கிறோம். ஒரு டோஸுக்கு ஒன்றுக்கு மேல் ஆம்பியூல் உடைக்க வேண்டி வந்தால் பெரும்பாலும் புள்ளி இடம் மாறியிருக்கும். 0.5 என்று எழுத வேண்டும், .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். 5 என்று எழுத வேண்டும், 5.0 என்றால் 50 ஆகும். மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுதுவதில் நேரம் ஒன்றும் போய்விடாது. வாய்வழி சிரப்பை ஊசி சிரிஞ்சில் அளப்பது எங்கும் நடக்கிறது. அந்தச் சிரிஞ்ச் மேசையில் பெயரில்லாமல் கிடந்தால் டிரிப் குழாயில் ஏறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஊசி பொருந்தாத வாய்வழி சிரிஞ்ச் இதற்காகவே செய்யப்பட்டது.

சரியான நோயாளி, சரியான மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் இங்கே விளக்கப் போவதில்லை. எல்லா வார்டிலும் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறோம். ‘நீங்கதானே இன்னார்?’ என்று கேட்டால் காது சரியாகக் கேட்காதவரும் தலையாட்டுவார். ‘உங்க பேர் சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க’ என்று கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது, படுக்கை மாறும். நோயாளி ‘இது வேற கலரா இருக்கே’ என்றால், ‘கம்பெனி மாறியிருக்கும், போடுங்க’ என்று சொல்லும் முன் அட்டையைத் திரும்பப் பார்க்க வேண்டும். கொடுத்த பிறகுதான் கையெழுத்து. டிராலி கிளம்பும் முன்பே வரிசையாகப் போட்டுவிட்ட கையெழுத்து, வாந்தி எடுத்த மாத்திரையையும் கொடுத்ததாகவே காட்டும். நெபுலைசர் வைத்தால் முன்னும் பின்னும் நாடி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் செறிவு எழுத வேண்டும். மருந்து கேட்டதா இல்லையா என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

பிழை நேர்ந்தால் செவிலியரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதோடு விசாரணை முடிகிறது என்பதையும் தங்கள் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம். ஒரே அச்சில் வார்த்த குப்பிகளை வாங்கி நிரப்பியது செவிலியர் இல்லை. சாப்பாட்டு வண்டியின் நேரத்தை வைத்ததும் அவர் இல்லை. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது ஐந்து பேர் ஐந்து வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்த அவருக்கு அதிகாரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்தால் நேரும் தவிர்க்கக்கூடிய கடும் தீங்கை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, மனிதர்களைவிட முறைகளைத் திருத்தச் சொல்லியே தொடங்கியது. கைதவறியும் நோயாளியை எட்டாமல் தப்பிய பிழைகளைப் பயமில்லாமல் எழுதி வைக்கும் ஒரு நோட்டு வார்டில் இருந்தால், எந்தக் குப்பியை எங்கிருந்து நகர்த்த வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் ஒரு மருந்தின் பெயரைப் போடும்போது, அது உணவுக்கு முன்பா பின்பா, நசுக்கலாமா கூடாதா, எந்த மருந்தோடு எத்தனை மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். இன்ஹேலர் படம் வெளியிடும்போது வாய்க்கு வெளியே காற்றில் அடிப்பது போன்ற படத்தைத் தவிர்த்துவிடுங்கள். சென்ற கட்டுரையோடு வந்த படத்தில் மூடியே கழற்றப்படவில்லை.

இப்படிக்கு,
செவிலிய மருந்தியல் ஆசிரியர்கள் இருவர்